படத்தில் இல்லாதவர்கள்

முதுகில் மூட்டை, முன்னால் ஏரி: காஷ்மீரின் உச்சிகளில் நண்பர்களோடு ஒரு நடை

காஷ்மீரின் உச்சி ஏரிகள் என்று தேடினால் வந்து விழும் படங்களில் ஆள் இருக்கமாட்டார். நீலமா பச்சையா என்று சொல்லமுடியாத நீர்ப்பரப்பு, பின்னால் செங்குத்தாக ஒரு மலை, முன்னால் மஞ்சள் பூக்கள். மிஞ்சிப்போனால் ஓர் ஆரஞ்சு நிறக் கூடாரம், அதன் வாசலில் நீட்டிய இரண்டு கால்கள். ‘மனிதக் காலடி படாத இடம்’ என்று கீழே எழுதியிருப்பார்கள். நம்பாதீர்கள். சோனமார்கில் தொடங்கி நாரநாகில் முடியும் அந்த எழுபது சொச்சம் கிலோமீட்டரில் ஆளில்லாத ஏரி ஒன்றைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. மேய்ப்பர், குதிரைக்காரர், சிப்பாய், தூண்டில்காரர் என்று யாரோ ஒருவர் எங்களுக்கு முன்பே அங்கே இருந்தார். சில இடங்களில் அவர்களுடைய கொள்ளுத்தாத்தாவும் இருந்திருக்கிறார்.

மலையேற்ற நிறுவனங்கள் இந்தப் பாதைக்கு வைத்த பெயர் ‘காஷ்மீர் கிரேட் லேக்ஸ்’. பெயர்தான் புதிது, பாதை பழசு. ஸ்ரீநகரிலிருந்து 80 கிலோமீட்டர் போனால் சிந்த் ஆற்றங்கரையில் சோனமார்க். (லடாக் வழியே பாயும் சிந்து நதி அல்ல இது; ஜீலத்தில் போய்ச் சேரும் வேறோர் ஆறு.) அங்கிருந்து ஏறி, நிச்னை, காட்சர், ஜச் என்று மூன்று கணவாய்களைத் தாண்டவேண்டும். இடையிடையே விஷன்சர், கிருஷன்சர், காட்சர், சத்சர், நந்த்கோல், கங்காபல் ஏரிகள். கடைசியில் முட்டி கழன்றுபோகிற ஓர் இறக்கம், கீழே நாரநாக் கிராமம். மூன்று கணவாய்களில் உயரமான காட்சர் சுமார் 4,200 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த ஆனைமுடி 2,695 மீட்டர்தான்; சோனமார்கே ஏறக்குறைய அந்த உயரம். நம் ஊர் மலைகள் முடிகிற இடத்தில் அங்கே வண்டியை விட்டு இறங்குகிறோம்.

காலம் ஜூலை முதல் செப்டம்பர் நடு வரை. அதற்கு முன் போனால் கணவாய்களில் பழைய பனி, பின்னால் போனால் புதுப்பனி. இமயமலையின் மற்ற பகுதிகளில் மழையும் மண்சரிவுமாக இருக்கும் மாதங்கள் இவை. பள்ளத்தாக்குக்குத் தெற்கே நிற்கும் பீர் பஞ்சால் தொடர் பருவமழையின் பெரும்பகுதியை அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. உத்தராகண்டில் சாலை அறுந்துகிடக்கும் ஆகஸ்டில் இங்கே புல்வெளி பூத்திருக்கும். மழையே பெய்யாது என்று அர்த்தமில்லை. பிற்பகலில் ஒரு முறை முகத்தைக் காட்டிவிட்டுத்தான் போகும்.

2024 ஆகஸ்டில் போனோம், ஐந்து பேர். திருச்சியில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஈரோட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவன், திருநெல்வேலியில் இயற்பியல் ஆசிரியை, மதுரையில் வங்கி அதிகாரி, சென்னையில் ஐ.டி. வேலை பார்ப்பவன், நான். கல்யாணத்திலும் துக்கத்திலும் மட்டுமே சந்தித்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டிருந்த கூட்டம்.

கிளம்புவதற்கு முன்பே முதல் சண்டை வந்தது. யார் சுமப்பது? கூடாரம், சமையல் சாமான், அரிசி பருப்பு எல்லாம் குதிரைமேல் வரும். சொந்தப் பையையும் பணம் கட்டிக் குதிரைமேல் ஏற்றிவிடலாம், ‘ஆஃப்லோட்’ என்கிறார்கள். “அப்புறம் எதுக்குடா பேக்பேக்கிங்னு பேரு?” என்றாள் ஆசிரியை. அவரவர் மூட்டையை அவரவர் சுமப்பது என்று முடிவானது. உடனே சமையலறைத் தராசை எடுத்து ஒவ்வொரு பொருளாக நிறுக்க ஆரம்பித்தாள். பத்து கிலோவுக்கு மேல் போகக்கூடாது. வங்கிக்காரன் கொண்டுவந்த எவர்சில்வர் டிபன் கேரியர் அங்கேயே அடிபட்டது. ஜீன்ஸும் அடிபட்டது; பருத்தி நனைந்தால் காயாது, அந்தக் குளிரில் ஈரத் துணி ஆளையே கவிழ்த்துவிடும். மூட்டையில் கனமே இல்லாத, ஆனால் மறக்கக்கூடாத பொருள் ஒன்று உண்டு: போஸ்ட்பெய்ட் சிம். வெளிமாநில ப்ரீபெய்ட் எண்கள் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. சோனமார்க் வரைதான் அதற்கும் மரியாதை. மேலே ஏறிவிட்டால் எல்லா சிம்மும் ஒன்றுதான்.

மூச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் கரடிக்குப் பயப்படுகிறார்கள். உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் விகிதம் குறைவதில்லை. அங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். 4,200 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். உடம்பு அதற்குப் பழக நாள் பிடிக்கும். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் இடத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்குமேல் உயர்த்தாதே என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று ஆரம்பித்து, கவனிக்காமல் விட்டால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோர்த்து ஆளையே கொண்டுபோய்விடும். இதில் இளையவர், உடற்பயிற்சி செய்கிறவர் என்ற சலுகை எதுவும் இல்லை. சொல்லப்போனால் அவர்கள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள். அசிட்டசோலமைடு என்ற மாத்திரையை, டயாமாக்ஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும், முன்கூட்டியே எடுத்துக்கொள்வதுண்டு. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தொடும் முன் மருத்துவரைக் கேட்கவேண்டும் என்று எங்கள் மருந்துக்கடைக்காரன் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். மற்றவர் தும்மினால்கூட அவன் கையில் ஆக்ஸிமீட்டர் முளைத்துவிடும்.

முதல் நாள் ஏற்றம் பைன் மரங்களும் பூர்ஜ மரங்களும் நிறைந்த சரிவில். சோனமார்கின் தகரக் கூரைகளும் தாஜிவாஸ் பனியாறும் கீழே சிறுத்துக்கொண்டே போகின்றன. அடுத்த நாள் நிச்னை கணவாய். மரங்கள் நின்றுபோய், புல்லும் நின்றுபோய், கடைசியில் உருளும் கல் மட்டும். வழிகாட்டிப் பையன் ஒரே ஒரு சட்டம்தான் போட்டான்: மெதுவாக நடப்பவர் முன்னால் போகவேண்டும். எங்களில் அது வங்கிக்காரன். மூச்சு வாங்குவதை மறைக்கப் பத்தடிக்கு ஒரு முறை நின்று செல்போனில் படம் எடுப்பான். அவன் எடுத்தவற்றில் பாதிப் படங்கள் வெறும் கல். அவனுக்குப் பின்னால் மற்ற நால்வரும் அவன் வேகத்திலேயே ஊர்ந்தோம். கூட்டமாக நடப்பதில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை; நால்வரில் மூவருக்கு இது உடனே பிடிபட்டது. ஐ.டி. நண்பனுக்கு மட்டும் நாளானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நிச்னையைத் தாண்டி இறங்கினால் நீண்ட புல்வெளி, அதன் கடைசியில் விஷன்சர். சுமார் 3,700 மீட்டர். கொஞ்சம் மேலே கிருஷன்சர். விஷ்ணுவின் ஏரி, கிருஷ்ணனின் ஏரி. முன்னொரு காலத்தில் பனியாறு கீழே நழுவும்போது மலையின் மடியைக் குடைந்து கிண்ணம்போல் ஆக்கியது. பனி பின்வாங்கியதும் கிண்ணத்தில் நீர் நின்றது. இந்த வழியில் பார்க்கிற பெரிய ஏரிகளின் பிறப்பு இப்படித்தான். பனியாறு அரைத்துவிட்ட பாறைத் தூள் தண்ணீரில் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் அந்த நிறம். காலையில் ஒன்று, மேகம் மூடினால் ஒன்று, நான்கு மணிக்கு வேறொன்று.

அந்தக் கரையில் நாங்கள் முதலில் பார்த்தது தூண்டிலோடு உட்கார்ந்திருந்த ஸ்ரீநகர்க்காரர் இருவரை. மீன்வளத்துறையில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் நடந்து, ட்ரவுட் பிடிக்க வந்திருந்தார்கள். இந்த மீனுக்கு ஒரு கதை உண்டு. பழுப்பு ட்ரவுட் காஷ்மீரத்து மீனே அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் பிரிட்டனிலிருந்து முட்டைகளாகக் கப்பலில் வந்தது. 1899-ல் அனுப்பிய முதல் தொகுதி வழியிலேயே அழிந்தது. 1900-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த இரண்டாவது தொகுதி பிழைத்தது. ஸ்ரீநகரில் கம்பளத் தொழிற்சாலை நடத்திய ஃபிராங்க் மிட்செல் என்பவர்தான் அவற்றைப் பொரிக்கவைத்து வளர்த்தவர். அங்கிருந்து ஓடைகளுக்கும் ஏரிகளுக்கும் மீன் போனது. ‘காலடி படாத’ ஏரியில் துள்ளுகிற மீன் ஸ்காட்லாந்து வம்சம்! தூண்டில்காரர்களில் ஒருவருக்கு இது தெரிந்திருந்தது. “நீங்களும் வெளியூர், மீனும் வெளியூர்” என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

அன்றிரவு சோறு. இதைச் சொல்லாமல் தமிழர்கள் மலையேறிய கதை எழுதமுடியாது. அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது. அரிசி நடுவில் கல்லாகவே நிற்கும். சமையல்காரர் அதற்காகவே ஐந்து லிட்டர் குக்கரைக் குதிரைமேல் கட்டிக் கொண்டுவந்திருந்தார். குக்கருக்குள் அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் ஏறும் என்று ஆசிரியை அவருக்கு விளக்கப் புறப்பட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் அப்பா குக்கர் இல்லாத காலத்தில் இந்த மலைகளில் அரிசியே ஏற்றமாட்டார் என்றும், மக்காச்சோள ரொட்டிதான் என்றும் சொன்னார். ஈரோட்டுக்காரன் மூட்டையிலிருந்து புளிக்காய்ச்சல் வந்தது. தராசில் அது எப்படித் தப்பியது என்று விசாரணை நடந்தது. சமையல்காரர் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, புளிப்பு பலமாக இருக்கிறது என்று தலையாட்டினார். மறுநாள் காலை தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாப்பிட்ட தட்டை ஏரியில் கழுவப் போன எங்களை வழிகாட்டிப் பையன் தடுத்தான். சோப்பு நீரைக் கரையிலிருந்து தள்ளிக் குழியில்தான் ஊற்றவேண்டும். கீழே ஆட்டுக்கூட்டம் குடிக்கிறது, அதற்கும் கீழே ஊர்கள் இருக்கின்றன. எந்த ஊர்கள்? விஷன்சரிலிருந்து வழியும் ஓடைதான் கிஷன்கங்கா. வடக்கே குரேஸ் பள்ளத்தாக்குக்குப் போய், எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடந்து, அந்தப் பக்கம் நீலம் என்று பெயர் மாறி, முசாபராபாதில் ஜீலத்தோடு கலக்கிறது. அதன் நீரில் ஒரு பகுதியைக் குகைவழியாகத் திருப்பி 330 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் இந்தியத் திட்டம் 2018-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு முன்பே பாகிஸ்தான் வழக்குப் போட்டு, ஆற்றில் நொடிக்கு 9 கன மீட்டராவது விடவேண்டும் என்று 2013-ல் சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்பளித்திருந்தது. இரண்டு நாடுகள் அளந்து பங்குபோட்ட ஆற்றின் தலைமாட்டில் நாங்கள் குழம்புத்தட்டோடு நின்றோம்.

மறுநாள் காட்சர் கணவாய். ஏறிக்கொண்டே திரும்பிப் பார்த்தால் விஷன்சரும் கிருஷன்சரும் சேர்ந்தாற்போல் தெரியும். ஊரே படம் எடுக்கும் இடம் அதுதான். நான் அதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பக்கத்து இறக்கம். முழங்கால் உயரப் பூக்களுக்குள் இறங்கிப் போகிறோம். பாறை இடுக்கில் நீலப் பாப்பி, சரிவெங்கும் மஞ்சளும் ஊதாவும். கீழே காட்சர் ஏரி, கோடையிலும் சில ஆண்டுகள் பனிப்பாளம் மிதக்கும் நீர். அதன் ஆழத்தில் ஏதோ ஒரு ஜந்து இருக்கிறதென்றும், கரையில் மேயும் ஆட்டை நீருக்குள் இழுத்துவிடும் என்றும் மேய்ப்பர்களிடையே கதை. கதையோ என்னவோ, நாங்கள் பார்த்தபோது மந்தை சரிவில் உயரத்தில்தான் நின்றது.

அங்கேதான் பகர்வால்களைச் சந்தித்தோம். ஆடு மேய்ப்பவர்கள், செம்மறியும் வெள்ளாடும். குளிர்காலத்தில் ரஜௌரி, பூஞ்ச், ஜம்மு பக்கத்துத் தாழ்நிலங்களில் இருப்பார்கள். வெயில் ஏறியதும் ஏப்ரல், மே மாதங்களில் குடும்பத்தோடு, குதிரைகளோடு, நாய்களோடு நடந்து மலையேறுகிறார்கள். குளிர் இறங்கியதும் அதே வழியில் திரும்பல். ராமநாதபுரத்துக் கீதாரிகள் புல்லைத் தேடி மாவட்டம் மாவட்டமாகக் கிடைபோட்டுப் போவதைப் போலத்தான். என்ன, இவர்கள் நடக்கிற திசை செங்குத்து. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மேய்ச்சல் சரிவு, வழிவழியாக வந்தது. எங்களுக்குச் ‘சொர்க்கம்’ என்று தெரிகிற புல்வெளி, அவர்களுக்கு இன்னார் வீட்டு நிலம்.

கல்லும் மரமும் மண்ணும் வைத்துக் கட்டிய தட்டைக்கூரைக் குடில். உள்ளே குனிந்துதான் போகவேண்டும். நாய்கள் எங்களைக் கண்டதும் பாய்ந்தன. இந்த நாய்கள் சிறுத்தையை விரட்டப் பழகியவை, தடவிக்கொடுக்கலாம் என்று நினைக்கவேண்டாம். வீட்டம்மா ஒரு சத்தம் போட்டதும் அடங்கின. உப்புப் போட்ட இளஞ்சிவப்புத் தேநீர் வந்தது. முதல் மடக்கில் முகம் கோணிய வங்கிக்காரன் மூன்று கோப்பை குடித்தான். ஆசிரியை, வழிகாட்டிப் பையனை மொழிபெயர்க்கச் சொல்லி, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டாள். கோடைக்கு மட்டும் கூடவே ஏறிவரும் ஆசிரியர்கள் சிலர் உண்டு, ஆனால் எல்லாச் சரிவுக்கும் கிடைப்பதில்லை என்று பதில். 1991-லேயே பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள் இவர்கள். ஆனால், நாடு முழுவதற்கும் 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் இந்த மாநிலத்துக்குப் பொருந்தாமலேயே இருந்து, 2019-ல் சிறப்பு அந்தஸ்து நீங்கிய பிறகுதான் வந்தது. மேய்ச்சல் உரிமைக்குக் காகிதம் தேடும் வேலை அதன் பிறகே தொடங்கியது.

விடைபெறும்போது அந்த அம்மா எங்களைக் கேட்ட கேள்வி: “உங்களுக்கு ஆடும் இல்லை. பிறகு எதற்கு இவ்வளவு தூரம் ஏறி வந்தீர்கள்?” ஐந்து பேரில் யாருக்கும் சரியான பதில் வரவில்லை. “சும்மாதான் பார்க்க” என்று சொல்லிவைத்தோம். அவருக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை, எனக்கும்தான்.

சற்றுத் தள்ளி ராணுவச் சாவடி. ஆதார் நகலைக் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நகரவேண்டும். கேமராவை மூடி வைக்கச் சொன்னார்கள். எல்லைக்கோடு பக்கத்து மலைகளுக்கு அப்பால்தான் என்பது அதுவரை வரைபடத்தில் மட்டும் தெரிந்த செய்தி.

சத்சரில் மழை பிடித்தது. ஏழு ஏரி என்று பெயர். சில வருஷம் சில குட்டைகள் வற்றிக்கிடக்கும். பெரிய பெரிய பாறைகள்மேல் தாவித் தாவிப் போகிற வழி, அதில் மூடுபனி வேறு. ஐ.டி. நண்பன் முன்னால் போய்விட்டான். அவன் சட்டை நிறம்கூடத் தெரியவில்லை. கூப்பிட்டால் குரல் பனியில் எங்கோ அமுங்கிப்போகிறது. குதிரைக்காரர் குதிரைகளை நிறுத்திவிட்டு அவனைத் தேடிப்போனார். அவன் மேலே ஒரு பாறையடியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாதை இரண்டாகப் பிரிந்ததில் தப்பான கிளையில் ஏறியிருக்கிறான். அன்று மாலை கூடாரத்துக்குள் இருபது வருஷத்துக் கணக்கெல்லாம் வெளியே வந்தது. “டேய், முன்னாடி போய் ஜெயிச்சு என்னடா பண்ணப் போற? மேல உனக்குக் கப் வச்சிருக்கானா?” என்றான் மருந்துக்கடைக்காரன். பதிலுக்கு, யார் யாருடைய கல்யாணத்துக்கு வரவில்லை என்பது வரை போனது. நாலு பேர் படுக்கிற கூடாரத்தில் கோபித்துக்கொண்டு எழுந்து போக இடமில்லை, வெளியே மழை. ஊரில் என்றால் வாட்ஸப் குழுவை விட்டு வெளியேறியிருப்பான். இங்கே பேசித் தீர்க்கவேண்டியிருந்தது. அரைகுறையாகத் தீர்ந்தது.

ஜச் கணவாய் தாண்டியதும் எதிரே ஹர்முக். 5,142 மீட்டர், தோளில் பனியாறு. அதன் காலடியில் நந்த்கோலும் கங்காபலும். கங்காபல் இந்த வழியிலேயே பெரிய ஏரி, நீளம் சுமார் இரண்டரை கிலோமீட்டர். காஷ்மீரப் பண்டிதர்களுக்கு இதுதான் கங்கை. இறந்தவர்களின் அஸ்தியை இங்கே ஏறிவந்து கரைப்பது அவர்கள் மரபு. 1990-ல் அவர்களில் பெரும்பாலோர் பள்ளத்தாக்கை விட்டு வெளியேற நேர்ந்தது. நீண்ட காலம் நின்றுகிடந்த கங்காபல் யாத்திரை 2009-ல் மறுபடி தொடங்கியது.

ஹர்முக்குக்கும் நம் ஊருக்கும் ஓர் உறவு இருக்கிறது. 1802-ல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் சங்கிலி பிடித்து ஓர் அடிக்கோட்டை அளந்தார். அங்கே தொடங்கிய முக்கோண அளவைதான் மலைமலையாக ஏறி இந்தியா முழுவதும் பரவியது. அந்த அளவையில் வேலை பார்த்த தாமஸ் மான்ட்கோமரி 1856-ல் ஹர்முக் மேல் கருவியை நிறுத்தி வடக்கே பார்த்தார். 200 கிலோமீட்டருக்கும் அப்பால், காரகோரத்தில், தனித்துத் தெரிந்த இரண்டு சிகரங்களுக்குக் குறிப்பேட்டில் கே1, கே2 என்று எண் போட்டார். முதலாவதற்கு உள்ளூர்ப் பெயர் இருந்தது, மாஷர்பிரும். இரண்டாவது, உலகின் இரண்டாம் உயர்ந்த சிகரம், குறிப்பேட்டு எண்ணோடே நின்றுவிட்டது. பரங்கிமலைச் செய்தியைக் கேட்டதும் சென்னைக்காரனுக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறானாம்.

கங்காபலின் நீர் தெற்கே வாங்கத் ஓடையாக இறங்கி, சிந்த் ஆற்றில் சேர்ந்து, ஜீலத்தில் கலந்து, பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு முசாபராபாதுக்குப் போகிறது. விஷன்சரில் தட்டுக் கழுவப் போனோமே, அந்த நீரில் கிஷன்கங்காவோடு நேரே போகிற பங்கும் அங்கேதான் வருகிறது. ஒரே நடையில் நாங்கள் தொட்ட இரண்டு ஏரிகளின் நீரும், எங்களில் யாரும் விசா வாங்கிப் போகமுடியாத ஓர் ஊரில் சேர்ந்துகொள்கின்றன. ஆசிரியை இதை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, விசா வேண்டாம், அது நம்ம ஊர்தானே என்று வங்கிக்காரன் ஆரம்பிக்க, அரசியல் சண்டை ஒன்று இரவு வரை நடந்தது.

நந்த்கோல் கரையில் குப்பையும் பார்த்தோம். ஈரத்தாள் துண்டுகள், நூடுல்ஸ் உறைகள், ஒற்றைச் செருப்பு. பருவத்தில் ஒரே நாளில் பல குழுக்கள் இங்கே கூடாரமடிக்கின்றன. ஆட்டுப் புழுக்கை புல்லுக்கு உரமாகும். ஈரத்தாளுக்கு அந்தப் புண்ணியம் இல்லை. உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018-ல் உச்சிப் புல்வெளிகளில் இரவு தங்கவே தடைவிதித்தது. ரூப்குண்டுக்குப் போகும் புகழ்பெற்ற பாதை அதோடு முடங்கியது. காஷ்மீருக்கு அந்தத் தடை வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். குதிரைக்காரர், சமையல்காரர், வழிகாட்டிப் பையன் மூவருக்கும் வருஷத்துக்கு இரண்டரை மாதச் சம்பாத்தியம் இதுதான். ஆனால், ஓர் ஏரிக்கு ஒரு நாளைக்கு இத்தனை கூடாரம் என்று எண்ணிக்கை வைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. எங்கள் குழுவையும் சேர்த்து எண்ணித்தான் சொல்கிறேன்.

கடைசி நாள் இறக்கம் மட்டும். நாரநாகில் வந்து விழும்போது கால் நம்முடையதாக இருக்காது. அங்கே தேவதாருக்களுக்கு நடுவே, 8-ம் நூற்றாண்டில் லலிதாதித்தன் கட்டியதாகச் சொல்லப்படும் சிவன் கோயில்களின் இடிபாடுகள். கூரை போய், சுவர் மட்டும் நிற்கிறது. பக்கத்தில் ஊற்றுநீர்க் குளம். கங்காபலுக்கு ஏறுகிற யாத்திரீகர்களுக்கு இதுதான் வாசல். நாங்கள் பின்வாசல் வழியாக வந்தவர்கள். வங்கிக்காரன் குளத்துப் படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினான், அரைமணி நேரம் எழவில்லை.

குதிரைக்காரர் கங்கன் பக்கத்து ஊர்க்காரர். கணக்கை முடித்துக்கொண்டு, தொலைபேசி எண்ணைக் கொடுத்து, அடுத்த வருஷம் தார்சர், மார்சர் ஏரிகளுக்கு வாருங்கள், பெஹன்ஜி (எங்கள் ஆசிரியைதான்) மூட்டையை இலவசமாக ஏற்றிக்கொள்கிறேன் என்றார்.

அடுத்த வருஷம் ஏப்ரல் 22-ம் தேதி பஹல்காமில், பைசரன் புல்வெளியில், 26 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். சுற்றுலா வந்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட உள்ளூர்க் குதிரைக்காரர் ஒருவரும் அதில் அடக்கம். அந்த மாதமே காஷ்மீரில் 48 சுற்றுலா இடங்களை அரசு மூடியது. நாங்கள் போட்டுவைத்திருந்த திட்டமும் போனது.

இந்த வழியில் போக நினைப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது பாதை திறந்திருக்கிறதா என்பதை. அதை முடிவுசெய்வது நிர்வாகமும் பாதுகாப்புப் படைகளும்தான், மலையேற்ற நிறுவனங்களின் விளம்பரம் அல்ல. போய்ச்சேரும் வழி இப்போது எளிது. 2025 ஜூனில் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. கன்னியாகுமரியில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் கட்ராவில் ஒரே ஒரு வண்டி மாறினால் போதும். நேரமும் முதுகும் உள்ளவர்களுக்கு நல்ல யோசனை.

2025 ஜூலையில் குதிரைக்காரரைத் தொலைபேசியில் பிடித்தோம். குதிரைகளை விற்கவில்லை, கட்டட வேலைக்கு மணல் சுமக்கவைத்திருக்கிறாராம். இந்தக் கோடையில் கூடாரம் ஒன்றுகூடக் காணோம் என்றார். காட்சர் சரிவில் தேநீர் கொடுத்த குடும்பத்தைப் பற்றி ஆசிரியை கேட்டாள். அவர்கள் மே மாதமே ஏறிவிட்டார்களாம், போன வருஷத்தைவிட ஆடு கொஞ்சம் அதிகமாம்.